கழுகின்மேல் ஒரு குழவி

ஐரோப்பாவின் பழைய ஓவியங்கள் ஏலத்திற்கு வருங்கால், ஓவியர் பெயர், துணியின் அளவு, கைமாறிய வரலாறு, எதிர்பார்க்கும் விலை ஆகியன பட்டியலில் நிரல்படக் குறிக்கப்பெறும். அத்தகைய பட்டியல்களில் ‘கானிமீடாக ஒரு சிறுவன்’ என்னும் தலைப்பு அவ்வப்போது இடம்பெறுவதுண்டு. காற்றில் அலையும் ஆடை போர்த்த மழலை ஒன்று, சிறகு விரித்த பெருங்கழுகோடு வானில் எழுந்து, புன்முறுவலுடன் நம்மை நோக்கும். செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் புனைந்த வேடிக்கைக் கோலம் என்றே காண்போர் பலரும் இதனைக் கருதக்கூடும். உண்மை அதுவன்று. இவ்வகை ஓவியங்களுட் பெரும்பாலானவை, இறந்துபட்ட தம் மக்களின் நினைவாகப் பெற்றோர் வரைவித்தவை.

பதினேழாம் நூற்றாண்டின் நெதர்லாந்து இவ்வழக்கத்தின் தாயகமாகும். கடல் வாணிகத்தால் செழித்த அந்நாட்டில், அரசர்க்கும் பிரபுக்களுக்கும் பெரிதும் உரியதாயிருந்த உருவ ஓவியம் வணிகர் இல்லங்களிலும் இடம்பெற்றது. ஆயின் செல்வத்தால் காலனைத் தடுக்க இயலவில்லை. புகழின் உச்சியில் நின்ற ஓவியர் ரெம்பிராண்டின் முதல் மூன்று குழந்தைகளும் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே மறைந்தன; 1641-இல் பிறந்த டைட்டஸ் வளர்ந்து ஆளானான். எத்தனையோ இல்லங்களின் நிலை இதுவே. ஆகவே, குடும்ப ஓவியங்கள் சிலவற்றில் இறந்த மக்களைச் சிறகுடைய மழலைகளாக வானில் தீட்டினர். வேறு சிலர் கிரேக்கப் புராணத்தை நாடினர்.

கானிமீடு டிராய் நாட்டு இளவரசன், பேரழகன். தேவர்கோன் சீயூஸ் அவனைக் கவர்ந்து சென்று தேவருலகில் பானம் வழங்குவோனாக அமர்த்தினான். கழுகே அவனை ஏந்திச் சென்றது என்பது பெருவழக்கான கதை. மகன் சென்ற இடம் அறியாது தந்தை துரோஸ் ஓயாது புலம்பினான் என்றும், சீயூஸ் இரங்கித் தெய்வக் குதிரைகளை ஈந்து, மைந்தன் மூப்பும் சாவும் இலனாயினான் எனத் தூதன்வழி அறிவித்தபின்னரே அவன் தேறினான் என்றும் பழைய கிரேக்கத் துதிப்பாடல் ஒன்று கூறும். மகவை இழந்த தந்தையின் துயரும் தேறுதலும் இக்கதைக்குள்ளேயே அமைந்திருத்தல் கருதத்தக்கது.

இக்கதைக்குக் காமம் சார்ந்த பொருளும் உண்டு. ஆயினும் அறிஞர் சிலர் அதனினும் உயர்ந்த பொருள் கண்டனர். கானிமீடு உடலழகால் அன்றி உள்ளத்தின் சிறப்பாலேயே வானுலகு எய்தினான் எனச் சாக்ரடீஸ் உரைத்ததாகச் செனபோன் எழுதினார். 1531-இல் முதன்முதல் வெளிவந்த அல்சியாட்டோவின் சின்னங்கள் பற்றிய நூல், கடவுளிடத்து மகிழும் உள்ளத்தின் அடையாளமாக அவனைக் காட்டிற்று. 1604-இல் டச்சு மொழியில் புராணங்களுக்கு விளக்கம் எழுதிய காரல் வான் மாண்டரும், மாசற்ற மனித உயிரின் குறியாகவே அவனைக் கொண்டார். மாசற்ற உயிர் எனின் குழந்தையை அன்றி வேறு யாரை நினைத்தல் கூடும்?

இருப்பினும் 1635-இல் ரெம்பிராண்டு தீட்டியதும் இன்று டிரெஸ்டன் நகரில் உள்ளதுமான ஓவியம் வேறு வகையானது. கழுகின் பிடியில் அகப்பட்ட குழந்தை அதில் அலறி அழுகின்றது. அச்சத்தால் சிறுநீர் கழிக்கின்றது. அவரிடம் பயின்ற நிக்கோலாஸ் மாஸ் (1634–1693), பிற்காலத்தில் உருவ ஓவியராகப் புகழ்பெற்று, கானிமீடாகப் பல குழந்தைகளைத் தீட்டினார். அக்குழந்தைகள் அழவில்லை. ஆசிரியர் பிரிவின் கொடுமையைக் காட்டினார். மாணவரோ பிரிந்தோர்க்கு ஆறுதல் அளித்தார். பணம் தந்து வரைவித்த தாய்தந்தையர் தம் இல்லச் சுவரில் காண விழைந்தது அழுகையை அன்று என்பது வெளிப்படை.

இவ்வோவியங்கள் பெற்றோர் வாழுமளவும் நினைவுச்சின்னமாக விளங்கின. பேரன்மார் காலத்தில் அவை பரம்பரைச் சொத்தாயின. அதன்பின் விற்பனைப் பொருளாயின. கைமாறும்போதெல்லாம் முதலில் உதிர்வது குழந்தையின் பெயரே. ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் உள்ள மாஸின் ஓவியம் ஒன்றில் இருப்பவன் ஜார்ஜ் டி விக் என்பது இன்றும் அறியப்படுகிறது. பலருக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. ஓவியர் பெயர் விலையைக் கூட்டுதலின் அது காக்கப்படுகின்றது. குழந்தையின் பெயரால் விலை கூடாமையின் அது மறக்கப்படுகின்றது.

பெயர் மறைந்தபின்னும் கழுகு மறையவில்லை. வேட்டைத் தெய்வம் டயானாவாக உயிரோடிருந்த சிறுமியரையும் அக்காலத்தில் தீட்டினர்; அவ்வில்லையும் இக்கழுகையும் ஒன்றெனக் கொண்டால் ஓர் இல்லத்தின் துயரம் நம் கண்ணுக்குப் புலப்படாது. சின்னத்தின் பொருளறிந்து நோக்குவோர்க்கோ, பெயரறியாக் குழந்தையும், அதனை இழந்து வாடியோரும், அவர் தேடிக்கொண்ட ஆறுதலும் ஒருங்கே விளங்கும். விலை கொடுத்து வாங்குவோர் எவராயினும், இவ்வறிவையும் உடன்கொண்டு சென்று பாதுகாத்தல் அவர்தம் கடனாகும்.