சின்கோனா மரத்தின் பெயரும் ஸ்பானிய ஆவணங்களும்

நீலகிரி மாவட்டத்தின் குந்தா வட்டத்தில் மஞ்சூர், கீழ்குந்தா, பிக்கட்டி ஆகிய ஊர்ப் பக்கம் செல்பவர்கள் இன்று காண்பது தேயிலையும் மலைக் காய்கறிகளும்தான். ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் இம்மாவட்டத்தின் பெயரை உலகத்துக்கு எடுத்துச் சென்ற மரங்களுள் ஒன்று சின்கோனா. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட கொய்னா மருந்து இதன் பட்டையிலிருந்தே எடுக்கப்பட்டது. இம்மரத்தின் பெயர் ஸ்பெயினிலுள்ள சின்சோன் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அப்பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் உண்மை என்று நம்பப்பட்ட அக்கதையை வரலாற்று ஆய்வாளர்கள் எவ்வாறு சோதித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சீமாட்டியின் கதை

பதினேழாம் நூற்றாண்டில் பெரு நாடு ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. மன்னரின் பிரதிநிதியாக லிமா நகரில் அமர்ந்து ஆண்டவர் வைசிராய். 1629 முதல் 1639 வரை அப்பதவியில் இருந்தவர் சின்சோன் பிரபு. அவருடைய மனைவிக்கு முறைக்காய்ச்சல் கண்டு உயிருக்கு ஆபத்து நேர்ந்ததாகவும், லோஹா பகுதியின் அதிகாரி ஒரு மரப்பட்டையைப் பற்றித் தெரிவித்ததாகவும், அதன் பொடியை உண்டு சீமாட்டி பிழைத்ததாகவும், பின்னர் அவர் ஏழைகளுக்கும் அதை வழங்கியதாகவும் கதை சொல்லப்பட்டது.

இதை நூலில் எழுதிப் பரப்பியவர் ஜெனோவா நகர மருத்துவர் செபஸ்தியானோ பாதோ. அவருடைய நூல் 1663-இல் வெளிவந்தது. லிமாவில் வாழ்ந்திருந்த ஒரு வணிகரின் கடிதமே அவருக்கு ஆதாரம். 1742-இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், அச்சீமாட்டியின் நினைவாக இம்மர இனத்துக்குப் பெயரிட்டார். சின்சோன் என்ற ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு எழுதியதால் அது 'சின்கோனா' என்று நிலைத்துவிட்டது.

நீலகிரிக்கு வந்த வழி

1820-இல் பெல்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள் பட்டையிலிருந்து கொய்னாவைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் மருந்தின் தேவை பெருகியது. இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படைவீரர்களையும் அலுவலர்களையும் காய்ச்சல் வாட்டியது. ஆகவே மரத்தையே இந்தியாவுக்குக் கொண்டுவர ஆங்கில அரசு முடிவு செய்து, கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவரைப் பெருவுக்கு அனுப்பியது. 1860-இல் அவர் உதகமண்டலத்துக்குக் கொண்டுவந்த கன்றுகள் ஏறத்தாழ அனைத்தும் பட்டுப்போயின. ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் திரட்டி அனுப்பிய சிவப்புப் பட்டை வகையே இங்கு வேர்பிடித்தது.

உதகை அரசுத் தோட்டங்களின் கண்காணிப்பாளரான மெக்கைவர், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை உருவாக்கினார். மரத்தை வெட்டாமல் பட்டையை நீள் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிப் புதிய பட்டையை வளரச் செய்யும் முறையைக் கண்டவர் அவரே. தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளும் அமர்த்தப்பட்டனர். அவர்களை அடைத்து வைத்த சிறைக் கட்டடத்தை இன்றும் நடுவட்டத்தில் காணலாம்.

மார்க்கம் மரத்தைக் கொண்டுவந்ததோடு நிற்கவில்லை. 1874-இல் சின்சோன் சீமாட்டியின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். சீமாட்டியின் பெயர் அனா தே ஒசோரியோ என்றும், அவர் ஸ்பெயினுக்குத் திரும்பித் தம் ஊர் மக்களுக்குப் பட்டைப் பொடியை வழங்கினார் என்றும் அதில் குறித்தார். விடுபட்ட எழுத்தைச் சேர்த்து மரத்தின் பெயரைத் திருத்த வேண்டும் என்றும் வாதாடினார். கதைக்கு அவரால் புது வலிமை கிடைத்தது.

ஆவணங்கள் சொன்னவை

ஸ்பானியப் பேரரசு எழுத்தில் நம்பிக்கை வைத்த அரசு. கடல் கடந்த நாடுகளில் நடந்தவை எல்லாம் மன்னருக்கு அறிக்கையாகச் சென்றன. லிமாவில் சின்சோன் பிரபு ஆண்ட பத்தாண்டுக் காலத்துக்கு ஒரு நாட்குறிப்பே உள்ளது. எழுதியவர் ஹுவான் அந்தோனியோ சுவார்தோ. வைசிராய் மாளிகையில் யாருக்கு உடல்நலம் குன்றியது, என்ன வைத்தியம் நடந்தது என்பன அதில் நாள்வாரியாக உள்ளன. இது 1930-களில் அச்சில் வந்தது.

1941-இல் ஏ. டபிள்யூ. ஹாகிஸ் என்ற ஆய்வாளர் பழைய கதையை இந்நாட்குறிப்போடும் பிற ஆவணங்களோடும் ஒப்பிட்டார். அவர் கண்டவற்றை இவ்வாறு சுருக்கலாம்:

1. அனா தே ஒசோரியோ பிரபுவின் முதல் மனைவி. அவர் 1625-இலேயே ஸ்பெயினில் இறந்துவிட்டார். பெருவுக்கு வரவேயில்லை.

2. லிமாவில் வாழ்ந்தவர் இரண்டாம் மனைவி பிரான்சிஸ்கா என்ரிக்கேஸ் தே ரிபேரா. அவர் மரப்பட்டையால் பிழைத்ததாக நாட்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

3. அடிக்கடி காய்ச்சலில் கிடந்தவர் பிரபுவே. அவருக்கும் பட்டை கொடுக்கப்பட்டதாகக் குறிப்பில்லை. அக்கால வழக்கப்படி இரத்தம் வடித்தே வைத்தியம் செய்தனர்.

4. பிரான்சிஸ்கா ஊர் திரும்பும் வழியில் 1641-இல் கார்த்தஹேனா துறைமுகத்தில் இறந்தார். ஆகவே சின்சோன் ஊரில் பட்டைப் பொடி வழங்கியிருக்க முடியாது.

1949-இல் கொலம்பியா நாட்டு மருத்துவர் ஹைமே ஹராமியோ அராங்கோவும் இச்செய்திகளை மீண்டும் ஆராய்ந்து எழுதினார். கொய்னா என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. 'கினா-கினா' என்பது பெருவில் வேறொரு மரத்துக்கு, நறுமணப் பிசின் தரும் மரத்துக்கு, வழங்கிய பெயர். அது வணிகத்தில் இம்மரத்தின் மேல் ஏறிக்கொண்டது. ஒரு மரத்துக்கு அமைந்த இரு பெயர்களுமே தடுமாற்றத்தில் பிறந்தவை.

அப்படியானால் கண்டறிந்தவர் யார்?

சீமாட்டியின் கதை விழுந்ததும் இக்கேள்வி எழுகிறது. லோஹா பகுதியில் வளரும் 'காய்ச்சல் மரம்' பற்றி அகுஸ்தீன் சபைத் துறவி அந்தோனியோ தே லா கலாஞ்சா 1630-களில் எழுதினார். அந்நூல் 1638-இல் பார்சலோனாவில் அச்சானது. பட்டையை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றவர்கள் இயேசு சபையினர். ஸ்பானியரான கர்தினால் ஹுவான் தே லூகோ அதை ரோமில் ஏழை நோயாளிகளுக்கு வழங்கச் செய்தார். இவையெல்லாம் எழுத்தில் உள்ளவை. மலைச்சரிவில் அம்மரத்தை முதலில் அறிந்து, பட்டையின் குணத்தைச் சோதித்த அந்திஸ் மலைவாழ் மக்களுள் ஒருவர் பெயரும் எழுத்தில் இல்லை.

பிற்காலத்தில் ஒரு பெயர் கிடைக்கிறது. பொலிவியாவின் அய்மாரா இனத்தவரான மனுவேல் இன்க்ரா மமானி, கொய்னா மிகுந்த வகையின் விதைகளைச் சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வணிகருக்காகச் சேகரித்துக் கொடுத்தார். 1865-இல் அவ்விதைகளுள் ஒரு பகுதியை டச்சு அரசு வாங்கி ஜாவாவில் பயிரிட்டது. உலகத் தேவையில் பத்தில் ஒன்பது பங்கு கொய்னா பின்னர் ஜாவாவிலிருந்தே சென்றது. கொய்னா குறைந்த சிவப்புப் பட்டையைப் பெரிதும் நம்பிய நீலகிரித் தோட்டங்கள் அதனோடு போட்டியிட முடியவில்லை. விதை சேகரித்த குற்றத்துக்காக மமானி சிறையில் அடிக்கப்பட்டு, பின்னர் இறந்தார். மரவகைக்குச் சூட்டப்பட்டதோ லெட்ஜரின் பெயர்.

இன்றைய ஆய்வுகள்

அண்மைக் காலத்தில் ஸ்பானியப் பேரரசின் அறிவியல் வரலாறு தனித்துறையாக வளர்ந்துள்ளது. மன்னரின் மருந்தகத்துக்கென்று லோஹாவின் சிறந்த பட்டை ஒதுக்கப்பட்டதையும், எது நல்ல பட்டை என்று முடிவு செய்வதில் மலைவாழ் பட்டை உரிப்போரும் மாட்ரிட் மருந்தாளுநர்களும் தாவரவியலாளர்களும் முரண்பட்டதையும் மேத்யூ கிராஃபோர்ட் 2016-இல் வெளிவந்த நூலில் விளக்குகிறார். 2020-இல் வெளிவந்த நூலில் ஸ்டெஃபானி கேங்கர், இப்பட்டையைப் பற்றிய அறிவு எளிய மக்களின் வீடுகள் வரை பரவிய வரலாற்றை ஆராய்கிறார். நீலகிரியின் சின்கோனாத் தோட்டங்களைக் குடியேற்ற ஆட்சியின் அறிவியலோடு இணைத்துக் கவிதா பிலிப் எழுதியுள்ளார்.

மாணவர்களுக்கு

பாதோ பொய் சொல்லவேண்டும் என்று எழுதியவர் அல்லர். தமக்குக் கிடைத்த ஒரே கடிதத்தை நம்பினார். லின்னேயஸ் அவரது நூல் வழி வந்த செய்தியை நம்பினார். மார்க்கம் இருவரையும் நம்பினார். ஒருவரை ஒருவர் வழிமொழிந்தால் சான்று மூன்றாகிவிடாது, அது ஒன்றே. அந்த ஒன்றைச் சமகாலக் குறிப்போடு வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது.

செவில் நகரில் 1785-இல் நிறுவப்பட்ட இந்தியத் தீவுகள் பொது ஆவணக் காப்பகத்தின் பல ஆவணங்கள் இன்று ஸ்பெயின் அரசின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஸ்பானிய மொழி கற்கும் தமிழ் மாணவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. நம் பக்கத்திலும் வேலை உண்டு. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் குழி தோண்டி, கன்று நட்டு, பட்டை உரித்த தொழிலாளர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்ற வரலாறு இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியதாகவே இருக்கிறது. மலையில் பாட்டன், பூட்டன் காலச் செய்திகளைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தேதியும் ஊரும் குறித்து எழுதி வைப்பதும், அதை அரசு ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் குந்தாப் பகுதி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய ஆய்வு.