மதியின் கலைகளும் மாந்தர் அறிவும்

வானத்துப் பொருள்களுள் ஞாயிறு நாள்தோறும் ஒரே வட்டமாய் எழுகின்றது. விண்மீன்கள் தம்முள் வரிசை மாறாது நிற்கின்றன. மதி ஒன்றே நாளுக்கொரு வடிவங்கொண்டு தேய்ந்தும் வளர்ந்தும் வருகின்றது. எமது சமய வாழ்வும் அம்மதியின் வழியே நடைபெறுவதாகும். தந்தையை இழந்தோர் ஆடி அமாவாசையிற் கீரிமலையிலே தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்கின்றனர். தாயை இழந்தோர் சித்திரா பூரணையில் விரதங் காக்கின்றனர். இங்ஙனம் எம்முடன் நெருங்கிய மதி தேய்வதும் வளர்வதும் எதனால் என்ற வினாவுக்கு மக்கள் விடைகண்ட வரலாற்றைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புராணங் கூறுவது யாவரும் அறிந்ததே. தக்கன் தன் புதல்வியர் 27 பேரைச் சந்திரனுக்கு மணஞ்செய்து கொடுத்தான். சந்திரன் உரோகிணியிடம் மட்டும் பேரன்பு பூண்டு ஏனையோரைப் புறக்கணித்தமையால், நாளும் தேய்க என்று தக்கன் சபித்தான். சிவபெருமான் அவனுக்கு அருள்செய்து பிறையைச் சடையிற் சூடினார். அப்புதல்வியர் 27 நட்சத்திரங்களாவர். மதி விண்மீன்களிடையே ஒருமுறை சுற்றிவர 27 நாளும் ஏறத்தாழ 8 மணியும் ஆகின்றன. ஆகவே, இக்கதையைக் கூறியோர் வானத்தை உற்று நோக்கியவர்களே என்பது தெளிவு.

இனி, வானநூலார் கூறுவதைப் பார்ப்போம். மதிக்குத் தன்னொளி இல்லை. ஞாயிற்றை நோக்கிய அதன் அரைப்பாகம் எப்பொழுதும் ஒளியுடனும், மற்றைப்பாகம் இருளுடனும் இருக்கும். மதி பூமியைச் சுற்றி வருதலால், அவ்வொளிப் பாகம் எமக்கு ஒருநாள் முழுமையாகவும், ஒருநாள் பாதியாகவும், ஒருநாள் கீற்றாகவும் தோன்றுகின்றது. இருட்டறையில் ஓர் அரிக்கன் லாம்பைத் தலையளவு உயரத்தில் வைத்து, ஒரு தோடம்பழத்தைத் தலைக்குச் சற்று மேலாக நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றினால் எல்லாக் கலைகளையும் அப்பழத்திற் காணலாம்.

பூமியின் நிழல் படுவதாலேயே மதி தேய்கின்றது என்று கற்றோருட் சிலரும் எண்ணுகின்றனர். அது பொருந்தாது. அட்டமியை அடுத்த நாட்களிற் பாதிமதியையும் ஞாயிற்றையும் பகல் வானத்தில் ஒருங்கே காண்கின்றோம். பூமியின் நிழலோ ஞாயிற்றுக்கு நேர் எதிர்ப்புறத்திலேதான் விழும். அந்நிழலில் மதி புகுவது பூரணையன்று நிகழும் சந்திர கிரகணத்தில் மாத்திரமே. மதியின் பாதை ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருத்தலால், எல்லாப் பூரணையிலும் கிரகணம் நிகழ்வதில்லை.

மதி ஞாயிற்றினால் ஒளிபெறுகின்றது என்ற உண்மையைக் கிரேக்க நாட்டில் கி. மு. 5ஆம் நூற்றாண்டில் அனக்சகோரஸ் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். ஞாயிறு தீப்பற்றிய பெருங்கல் என்றும் அவர் கூறினார். தெய்வ நிந்தனை செய்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட அவர், ஏதென்ஸ் நகரை நீங்கி, லாம்ப்சக்கஸ் என்னும் ஊரிலே தம் இறுதிக் காலத்தைக் கழித்தார்.

பாரத நாட்டில் இவ்வுண்மையை ஆரியபடர் தமது ஆரியபடீயத்தில் அமைத்தார். கலியுகத்தில் 3600 ஆண்டுகள் கழிந்தபோது தமக்கு வயது 23 என்று அவரே குறித்துள்ளார், அது கி. பி. 499ஆம் ஆண்டாகும். எம்மன்றத்து இளைஞர் பலரின் வயதே அது! கோளங்களின் ஞாயிற்றை நோக்கிய பாதி ஒளியும், மற்றைப்பாதி தன் நிழலால் இருளும் உடையது என்றார். விண்மீன்களையும் இவ்விதியில் அடக்கியமை பிழையாயிற்று. மதியைப் பற்றிய கூற்றோ இன்றும் நிலைபெறுகின்றது. அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், வெயிலில் வைத்த குடத்தை உவமையாக்கிப் பிருகத் சங்கிதையில் இதனை விளக்கினார். கண்ணாடியிற் பட்டுத் திரும்பும் வெயில் வீட்டினுள் இருளை நீக்குதல் போல, மதியிற் பட்ட கதிர் இரவின் இருளை நீக்கும் என்றும் கூறினார்.

எமது பஞ்சாங்கமும் இவ்விளக்கத்தைத் தன்னுள் அடக்கியுள்ளது. ஞாயிற்றுக்கும் மதிக்கும் இடையேயுள்ள கோணம் 12 பாகை வளருந்தோறும் ஒரு திதி கழிகின்றது. 360 பாகைக்கு 30 திதிகள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்குச் சராசரி 29 நாள் 12 மணி 44 நிமிடம். அமாவாசை என்ற வடமொழிச் சொல்லுக்கே உடனுறைதல் என்பது பொருள். ஞாயிறும் மதியும் ஒருதிசையில் உறையும் நாள் அது. அன்று மதியின் ஒளிப்பாகம் எமக்கு அப்புறமாய் இருத்தலின் மதி தோன்றுவதில்லை.

ஆயினும், எமது முன்னோரிடையே கருத்து மாறுபாடு இருக்கவில்லை என்று கூறமுடியாது. கி. பி. 628இல் பிரமகுப்தர், இராகுவினால் கிரகணம் நிகழ்வதை மறுத்தோரைக் கண்டித்தார். ஆனால், கணிக்கும்போது பூமியின் நிழலைக் கொண்டே கணித்தார். பின்வந்த அல்பிரூனி இம்முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்.

யாழ்ப்பாணத்திலும் இவ்விவகாரம் எழுந்தது. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் தானியேல் பூவர் ஆவார். 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்துக்கு அவர் கணித்ததும், அராலிப் பஞ்சாங்க கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்ததும் வேறுபட்டன. கிரகணம் பூவர் கணித்தவாறே நிகழ்ந்தது. மிஷனரிமார் அதனை எமது சாத்திரத்தின் குறைபாட்டுக்குச் சான்றாக எடுத்துக் கூறினர். ஆனால், இருவரும் கணித்தது ஒன்றையே, அதாவது மதி பூமியின் நிழலிற் புகும் வேளையையே. பிழைத்தவை எமது கணிதத்தின் எண்களே, விளக்கம் பிழைக்கவில்லை. அதற்கு 4 ஆண்டுகளின் முன், 1825இல், தமிழகத்துக் கணிதர் ஒருவர் நிலத்திற் சோகிகளை வைத்து, மனனஞ்செய்த வாய்பாடுகளாலேயே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜோன் வாரன் என்பார் பதிவு செய்துள்ளார். தொடக்க வேளையில் 4 நிமிடமும், முடிவு வேளையில் 52 நிமிடமும் பிழையிருந்தன. அத்திறமையும் மெய், அப்பிழையும் மெய்.

மதியின் மறுபக்கத்தை 1959 ஒக்டோபர் 7ஆந் திகதி சோவியத் நாட்டின் லூனா 3 முதன்முதலாகப் படம்பிடித்தது. அமாவாசை கழிந்து சில நாட்களே ஆகியிருந்தமையால் அப்பக்கத்தின் பெரும்பகுதி அன்று ஒளிபெற்றிருந்தது. 2023 ஓகஸ்ட் 23ஆந் திகதி பாரதத்தின் சந்திரயான்-3 மதியின் தென்முனைக்கு அணித்தாய் இறங்கி, அங்குள்ள ஒரு பகற்பொழுது முழுவதும் ஆராய்ந்தது. அப்பகல் எமக்கு ஏறக்குறைய 2 வாரமாகும். நாம் வளர்பிறை என்பது அங்கே கதிரவன் உதயம் பரவிச் செல்வதே.

மிஷன் பாடசாலைகளிற் பயின்ற எம்போன்றோர்க்கு இவ்வரலாறு தக்கதொரு படிப்பினையாகும். முன்னோர் அறிந்தது கதை மாத்திரமே என்று எவரேனும் கூறின், ஆரியபடரையும் வராகமிகிரரையும் காட்டலாம். எல்லாம் எம்மேட்டில் உளது, இனி ஆராய்தல் வேண்டா என்று எவரேனும் கூறின், 1829ஆம் ஆண்டுக் கிரகணத்தைக் காட்டலாம். இன்றும் எம்மிடையே வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் வழங்குகின்றன. அவற்றின் திதி வேளைகள் வேறுபடுவதுண்டு. திருக்கணிதம் என்பதன் பொருளே கண்ணாற் கண்டதற்கு ஒத்த கணிதம் என்பதாம். வானத்தை நோக்கிக் கணிதத்தைத் திருத்துவதும் எமது மரபே என்பதற்கு அப்பெயரே சான்று.

பிறைசூடிய பெருமானை வணங்குவோர் அப்பிறையின் உண்மையை ஆராய்ந்தறிய அஞ்ச வேண்டியதில்லை. ஆதலின், இளைஞர்காள், அடுத்த அமாவாசை கழிந்து மூன்றாம்பிறை எழும் மாலையில் மேற்றிசையை நோக்குமின். அப்பிறையின் ஒளிபெற்ற விளிம்பு மறைந்த ஞாயிற்றை நோக்கியே வளைந்திருப்பதைக் காண்பீர்கள். ஆரியபடர் கண்ட வானமே எமக்கும் உளது.