எம்மாவும் நாற்பது அபிப்பிராயங்களும்

1816-ஐ ஒட்டி ஜேன் ஆஸ்டின் சில தாள்களில் ஒரு ஜாபிதா எழுதிவைத்தார். 1815 டிசம்பரில் வெளிவந்திருந்த தன் 'எம்மா' நாவலைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் அந்த ஜாபிதா. முதலில் பெயர், அதை அடுத்து அபிப்பிராயம். தாயார், தமக்கை, அண்ணன், தம்பி, அண்ணன் பெண்கள், பக்கத்து ஊர்க்காரர்கள், பாதிரிமார்கள், இரண்டு கோமாட்டிகள். சுமார் 40 பதிவுகள் இருக்கின்றன. சில ஒரு பாராவுக்கு ஓடுகின்றன, சில அரை வரியில் முடிகின்றன. முந்தைய நாவலான 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கிற்கும் இதே மாதிரி ஒரு ஜாபிதா போட்டிருந்தார். இரண்டும் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கின்றன. ஆர். டபிள்யூ. சாப்மன் 1926-ல் அச்சில் கொண்டுவந்தார்.

பிழைப்புக்காகக் கணக்கு எழுதுகிறவன் நான். இந்த ஜாபிதாவைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது, அடியில் கூட்டுத்தொகை போடப்படவில்லை என்பதுதான். புகழ்ந்தவர் இத்தனை, இகழ்ந்தவர் இத்தனை என்று எங்கும் இல்லை. நல்லது முதலில், கெட்டது பின்னால் என்ற ஒழுங்கும் இல்லை. யாருக்கும் பதில் சொல்லப்படவில்லை. ராஜப்பிரதிநிதியான இளவரசருக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்ட நாவல் அது. அதைப் பற்றி ஒரு பக்கத்து வீட்டு அம்மாள், எழுதியவரை மட்டும் தெரிந்திராவிட்டால் படித்து முடித்திருக்கவே மாட்டேன் என்று சொன்னால், அதுவும் அப்படியே பதிவாகிறது. அந்த அம்மாளின் பெயர் திருமதி டிக்வீட்.

நம்முடைய பத்திரிகைகளில் வாசகன் இரண்டு விதமாகத்தான் வருகிறான். ஒன்று, வாரப் பத்திரிகைத் தொடர்கதையைத் தின்று தீர்க்கிற மந்தை. இல்லையென்றால், இனிமேல் பிறக்கப்போகிற லட்சிய வாசகன். இந்த இரண்டுக்கும் நடுவில் ரத்தமும் சதையுமாக உட்கார்ந்து, ஒரு புத்தகத்தைப் பாதி பிடித்தும் பாதி பிடிக்காமலும் படித்த மனுஷன் என்ன சொன்னான் என்று கேட்டு எழுதிவைக்க நமக்குத் தோன்றியதில்லை. ஆஸ்டினுக்குத் தோன்றியிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருக்கிறது.

'எம்மா' அன்றைய தேதிக்கு லேசான, சமகாலக் காதல் கதை. ஹைபரி என்ற கிராமத்தில் அழகும் பணமும் உள்ள ஒரு பெண் பொழுதுபோகாமல் ஊராருக்குக் கல்யாணம் கூட்டிவைக்கக் கிளம்புகிறாள். போடுகிற கணக்கெல்லாம் தப்பாகிறது. கடைசியில் தன் மனசே தனக்குத் தெரியவில்லை என்று கண்டுகொள்கிறாள். கொலை இல்லை, கடத்தல் இல்லை, பாழடைந்த கோட்டை இல்லை. லண்டனில் ஜான் மர்ரே மூன்று பாகங்களாக 2000 பிரதிகள் போட்டார். விலை 21 ஷில்லிங். வாங்கிப் படித்தவர்களைவிட இரவல் வாங்கிப் படித்தவர்களே அதிகம் இருந்திருக்க வேண்டும். ஜாபிதாவிலேயே ஓர் அம்மாள், புத்தகத்தை இரவல் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறார். வருஷத்துக்குள் 1200-க்கு மேல் விற்றது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பிரதிகள் கிடங்கில் கிடந்து, சில வருஷங்கள் கழித்து 2 ஷில்லிங் விலைக்குத் தள்ளப்பட்டன.

ஜாபிதாவில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: முந்தைய நாவல்களோடு ஒப்பிடுவது. 'ப்ரைட் அண்ட் ப்ரிஜுடிஸ்' அளவுக்கு இல்லை, 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கைவிடத் தேவலை. அல்லது இதைத் திருப்பிப் போட்டு. காஸாண்ட்ராவுக்கு இது முதலாவதைவிட மேல், இரண்டாவதைவிடக் கீழ். தாயாருக்கு நேர் எதிர்: 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கைவிடப் பொழுது போகிறது, ஆனால் லேடி காதரீனுக்கும் காலின்ஸுக்கும் ஈடான பாத்திரம் இதில் கிடையாது. மாமா லீ பெரட்டும் அவர் மனைவியும், டார்ஸியும் எலிஸபெத்தும் தங்களை வேறு எதற்கும் லாயக்கில்லாதவர்களாக்கிவிட்டார்கள் என்கிறார்கள். இதில் வேடிக்கை, இவையெல்லாம் ஆஸ்டினுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதுதான். நாவல் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்னால், 1815 டிசம்பர் 11-ம் தேதி, இளவரசரின் நூலகரான ஜேம்ஸ் ஸ்டேனியர் கிளார்க்குக்கு எழுதிய கடிதத்தில், முந்தையது பிடித்தவர்கள் இதில் ஹாஸ்யம் குறைந்ததாகவும், பிந்தையது பிடித்தவர்கள் விவேகம் குறைந்ததாகவும் நினைப்பார்கள் என்று பயப்படுவதாகச் சொல்லியிருந்தார். அபிப்பிராயங்களைச் சேகரித்ததில், பயந்தது எவ்வளவு தூரம் பலித்தது என்று பார்க்கிற குறும்பும் இருந்திருக்கலாம்.

கதாநாயகி விஷயத்திலும் அப்படித்தான். தன்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவாகப் பிடிக்காத ஒருத்தியைக் கதாநாயகியாக்கப்போவதாக ஆஸ்டின் சொன்னார் என்று அவருடைய அண்ணன் மகன் 1870-ல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பில் இருக்கிறது. ஜாபிதாவில் அண்ணன் பெண் ஃபானி நைட்டுக்கு எம்மாவைச் சகிக்கவே முடியவில்லை. இன்னொரு அண்ணனின் பெண் ஆன்னா லெஃப்ராய்க்கு, ஆஸ்டினின் எல்லாக் கதாநாயகிகளிலும் எம்மாவைத்தான் பிடித்திருக்கிறது. ஆன்னாவின் கணவருக்கோ மற்றக் கதாநாயகிகள் அளவுக்குப் பிடிக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பிரதியாகக்கூட இருந்திருக்கலாம். இஸபெல்லா ஹெரிஸ் என்ற பெண்மணிக்கு வேறு விதமான கோபம்: கதாநாயகி மூலம் பெண் குலத்தையே காட்டிக்கொடுத்துவிட்டாராம். போதாததற்கு, நாவலில் வரும் பேட்ஸ் தாயும் மகளும் தங்களுக்குத் தெரிந்த யாரோதான் என்று அவருக்கு நிச்சயம். அந்த யாரோவைத் தான் கேள்விப்பட்டதேயில்லை என்று ஆஸ்டின் சேர்த்துக்கொள்கிறார். ஜாபிதாவில் அவருடைய சொந்தக் குரல் கேட்கிற மிகச் சில இடங்களில் இது ஒன்று.

ஆனால் நான் அதிக நேரம் நின்றது இரண்டு பதிவுகளுக்கு எதிரில். ஒன்று மிஸ் ஷார்ப்புடையது. ஆன் ஷார்ப், கெண்ட் பிரதேசத்தில் காட்மர்ஷாம் மாளிகையில் 1804 முதல் 1806 வரை வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்தவர். அவரிடம் படித்த பெண்தான் ஃபானி நைட். எஜமானர் வீட்டுத் தங்கையான ஜேனுக்கும் சம்பளத்துக்கு இருந்த ஆசிரியைக்கும் உண்டான சிநேகம் கடைசிவரை நீடித்தது. 'எம்மா'வில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒருத்தி வருகிறாள். படித்தவள், அழகாகப் பியானோ வாசிப்பவள், கையில் காசில்லாதவள். ஃப்ராங்க் சர்ச்சிலோடு நடந்திருக்கிற ரகசிய நிச்சயதார்த்தம் கைகூடாவிட்டால் யார் வீட்டிலாவது குழந்தைகளுக்குப் பாடம் சொல்லப் போயாக வேண்டும். அந்தத் தொழிலை அவள் அடிமை வியாபாரத்தோடு சேர்த்துப் பேசுகிற இடம் நாவலிலேயே மிக இருண்ட இடம். இப்போது ஜாபிதாவைப் பாருங்கள். மிஸ் ஷார்ப்புக்கு எம்மாவின் புதுமை பிடித்திருக்கிறது. நைட்லியைப் பிடித்திருக்கிறது. திருமதி எல்ட்டனைப் பற்றிச் சொல்ல வார்த்தையில்லை. ஜேன் ஃபேர்ஃபாக்ஸிடம்தான் திருப்தியில்லை. அவரிடம் படித்த பணக்காரப் பெண்ணுக்கோ பணக்கார எம்மாவைத்தான் சகிக்கவில்லை. ஜேன் ஃபேர்ஃபாக்ஸை இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள முடிந்திருந்தால் பிடித்திருக்கும் என்கிறாள்.

மிஸ் ஷார்ப்பின் அதிருப்திக்குக் காரணம் எழுதப்படவில்லை. நாமாக ஊகிப்பது சுலபம். ஆகவே செய்யக்கூடாது. ஒன்று மட்டும் சொல்லலாம். அவரவர் வாழ்க்கை எந்த இடத்தில் நாவலைத் தொடுகிறதோ அந்த இடத்தில்தான் இந்த இருவருக்கும் புத்தகம் இடித்திருக்கிறது. நமது விமர்சகர்கள் இதை ரஸனைக் குறைவு என்பார்கள். டிக்ஸன் என்ற பெயருள்ள ஓர் அம்மாள், நாவலில் ஒரு டிக்ஸன் தம்பதி வருவதால் புத்தகம் இன்னும் குறைவாகப் பிடித்ததாகச் சொல்லும்போது அது ரஸனைக் குறைவுதான், சந்தேகமில்லை. காட்மர்ஷாம் பாதிரியார் ஷெரர், பாதிரிமார்களை வரைந்த விதம் பிடிக்கவில்லை என்று முகம் சுளிப்பதும் ஏறக்குறைய அதே ரகம். ஆனால் ஆன் ஷார்ப்பை அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்த்த எனக்கு மனம் வரவில்லை.

பெரிய புகார் வேறு. கதையில் ஒன்றும் நடக்கவில்லை என்பது அது. திருமதி கிட்டன் ஒரே போடாகப் போட்டார்: ஸ்வாரஸ்யமாக இருக்க முடியாத அளவுக்கு இயற்கையாக இருக்கிறதாம். இந்தப் புகாரை அறியாமை என்று தள்ளிவிட முடியாதபடி, மரியா எட்ஜ்வொர்த்தும் அதையே சொன்னார். அன்றைய இங்கிலீஷ் நாவலாசிரியர்களில் ஆஸ்டின் மிகவும் மதித்தவர் அவர். அவருக்கு ஒரு பிரதி போயிருந்தது. முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டு, கதை என்று எதுவுமில்லை என்று வீட்டாருக்கு எழுதினார். ஆஸ்டினுக்கு எழுதவில்லை. அதனால் ஜாபிதாவில் அவர் பெயரே இல்லை.

அதே சமயம் வால்டர் ஸ்காட் பெயர் போடாமல் 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் நீண்ட மதிப்புரை எழுதினார். இதழில் 1815 அக்டோபர் என்று போட்டிருந்தாலும் வெளிவந்தது 1816 மார்ச்சில். அந்தப் பத்திரிகையும் மர்ரேயுடையதுதான், மதிப்புரை எழுதச் சொன்னதும் மர்ரேதான் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். திருமதி கிட்டனின் குற்றச்சாட்டை ஸ்காட் அப்படியே எடுத்து, அதையே சரித்திரமாக மாற்றினார். அதிசய சம்பவங்களில் வாழ்ந்த பழைய நாவல் தேய்ந்துவிட்டது. கடந்த 15, 20 வருஷங்களில் அன்றாட வாழ்க்கையை அப்படியே பிடிக்கிற வேறொரு நாவல் முளைத்திருக்கிறது. இந்த ஆசிரியையின் திறமை ஃப்ளெமிஷ் ஓவியர்களை நினைவூட்டுகிறது என்றார். கிட்டன் அம்மாளுக்குக் குறையாகப் பட்டது ஸ்காட்டுக்கு ஒரு புதிய ஜாதியின் லட்சணமாகப் பட்டது. விமர்சகன் என்று ஒருவன் தேவை என்றால் இதற்காகத்தான் தேவை என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே ஸ்காட் அடுத்த மூச்சில், மிஸ் பேட்ஸின் பேச்சு நிஜ வாழ்க்கையில் அலுப்பது போலவே புத்தகத்திலும் அலுக்கிறது என்றார். இதை ஆன்னாவின் கணவரும் சொல்லியிருக்கிறார்: பாத்திரம் பிரமாதம், அளவுதான் அதிகம். 'எடின்பரோ ரிவ்யூ'வின் ஜெஃப்ரியை நாவல் மூன்று இரவு தூங்கவிடவில்லை என்று ஜாபிதா சொல்கிறது. தூங்காதவர் பத்திரிகையில் ஒரு வரி எழுதவில்லை. 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கை ஸ்காட் அடியோடு விட்டுவிட்டதில் ஆஸ்டினுக்கு வருத்தம்; ஏப்ரல் முதல் தேதி மர்ரேக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

மிஸ் பேட்ஸுக்கு வருவோம். ஏழை, மணமாகாதவள், வயதான தாயாரோடு இருப்பவள், வாய் ஓயாதவள். அவள் பேச ஆரம்பித்தால் எம்மா காதை மூடிக்கொள்கிறாள். நாமும் பக்கத்தைத் தள்ளுகிறோம். மூன்றாம் பாகத்தில் ஓர் இடம். ஊர் வைத்தியர் பெர்ரி வண்டி வாங்க நினைத்திருந்த சமாசாரத்தை ஃப்ராங்க் சர்ச்சில் வாய் தவறிச் சொல்லிவிடுகிறான். அது அவனுக்கு எப்படித் தெரியும்? கனவு கண்டிருப்பேன் என்று மழுப்புகிறான். மிஸ் பேட்ஸ் வழக்கம்போல் வளவளவென்று ஆரம்பித்து, அந்த சமாசாரம் தன் வீட்டாருக்கு ரகசியமாகச் சொல்லப்பட்டது என்று கொட்டிவிடுகிறாள். அப்படியானால் அந்த வீட்டிலிருக்கிற ஜேன் ஃபேர்ஃபாக்ஸ்தான் அவனுக்குக் கடிதம் எழுதியிருக்க வேண்டும். ரகசிய நிச்சயதார்த்தம் அங்கேயே வெளிச்சத்தில் கிடக்கிறது. நைட்லி ஒருவருக்குத்தான் சந்தேகம் தட்டுகிறது. முதல் தடவை படிக்கிறவன் எம்மாவைப் போலவே அதைத் தவறவிடுகிறான். கதையில் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னவர்கள், நடந்ததையெல்லாம் மிஸ் பேட்ஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது கவனிக்காதவர்கள். இதில் ஸ்காட்டையும் எட்ஜ்வொர்த்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தபோது என்னையும்.

ஃபவுல் என்ற ஒருவர் இதற்கெல்லாம் இடம் வைக்கவில்லை. ஸ்வாரஸ்யமாக இல்லை என்று கேள்விப்பட்டு, முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தார். அதுவும் ஜாபிதாவில் ஏறியிருக்கிறது. காக்கரெல் என்பவருக்கு எவ்வளவு பிடிக்கவில்லையென்றால், அவர் சொன்னதை எழுதியனுப்ப ஃபானிக்கே மனம் வரவில்லை. அனுப்பவில்லை என்பதைப் பதிவு செய்துகொண்டார் ஆஸ்டின்.

இத்தனையையும் அவர் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார் என்று எண்ண வேண்டாம். அதே காலத்தில், ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளையெல்லாம் கலந்து ஒரு நாவலுக்கான திட்டம் என்று கேலியாக எழுதினார். குற்றமில்லாத கதாநாயகி, குற்றமில்லாத பாதிரியார் தகப்பன், ஐரோப்பா முழுக்க ஓட்டம். எந்த யோசனை யாருடையது என்று ஓரத்தில் பெயர் வேறு. கிளார்க்கின் பெயர் இருக்கிறது, ஷெரரின் பெயர் இருக்கிறது, செல்ல மருமகள் ஃபானியின் பெயரும் இருக்கிறது. 'எம்மா'வின் முதல் லாபம் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' இரண்டாம் பதிப்பின் நஷ்டத்தில் கழிந்து, அவர் கைக்கு வந்தது 38 பவுன் 18 ஷில்லிங். 1817 ஜூலை 18-ம் தேதி வின்செஸ்டரில் இறந்துபோனார். இங்கிலாந்தில் 'எம்மா' மறுபடி அச்சானது 1833-ல்.

'குவார்ட்டர்லி ரிவ்யூ'விலேயே, ஸ்காட்டுக்கு நூறு வருஷம் கழித்து, 1917-ல், ரெஜினால்ட் ஃபாரர் என்ற தாவரவியல்காரர் 'எம்மா' திரும்பத் திரும்பப் படித்தால்தான் கைக்கு வருகிற நாவல் என்று எழுதினார். விமர்சன சரித்திரத்தில் அது முக்கியமான கட்டுரையாகக் குறிப்பிடப்படுகிறது. ஜாபிதாவில் மிஸ் பிக் என்பவருக்கு மட்டும் இரண்டு பதிவுகள் உண்டு. முதல் பதிவில், ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே கல்யாணப் பேச்சு, எல்ட்டனும் ஹாரியட்டும் அளவுக்கு மீறி வருகிறார்கள் என்று குறைபட்டுக்கொள்கிறார். பத்துப் பதிவுகளுக்குள் மறுபடி வருகிறார். இரண்டாம் தடவை படித்தாராம். மிஸ் பேட்ஸை முதல் தடவையைவிட மிகவும் பிடித்திருக்கிறது. ஹைபரி ஜனங்கள் எல்லாரையுமே பொதுவாகப் பிடித்திருக்கிறது, ஹாரியட் ஸ்மித்தைத் தவிர. அந்தப் பெண் காதலிக்கிற லட்சணம் மட்டும் இரண்டாம் தடவையும் அவருக்கு அசட்டுத்தனமாகவே பட்டிருக்கிறது.