கடினச் சொல்லுக்கு எளிய சொல்: டாக்காவிலிருந்து டொராண்டோ வரை

ஆங்கிலம் கற்போர் இன்று பயன்படுத்தும் அகராதிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய சொற்களாலான விளக்கமும் அதையடுத்து ஒன்றிரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்களும் இருப்பது இயல்பானதாகத் தோன்றினாலும், இந்த அமைப்பு உருப்பெறத் துணைநின்ற முதன்மையான ஆய்வுகளுள் ஒன்று, டாக்காவின் வகுப்பறைகளில் எழுந்த கேள்விக்கு விடையாக, 1935இல் டொராண்டோவில் வெளியானது.

பழைய ஆங்கில அகராதிகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட படிப்பாளிகளுக்காக எழுதப்பட்டவை. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, வலைப்பின்னலைக் குறிக்கும் 'நெட்வொர்க்' என்ற எளிய சொல்லை விளக்க 'ரெட்டிகுலேட்டட்', 'டெகஸ்ஸேட்டட்' போன்ற அரிய லத்தீன் வழிச் சொற்களை நாடியது. பொருளைத் தேடிச் சென்றவர் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட புதிர்களைச் சந்தித்தார். தமிழர்களுக்கு 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனைச் சேர்ந்த லீவை ஸ்பால்டிங் போன்றோரின் உழைப்பில் ஆங்கில–தமிழ் அகராதிகள் கிடைத்தன என்றாலும், இருமொழி அகராதி நிகரான சொற்களை வரிசையாகத் தருமேயன்றி, அவற்றுள் எது எந்த இடத்தில் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை.

இந்தச் சிக்கலைக் கல்விச் சிக்கலாகக் கண்டவர், இந்தியக் கல்விப் பணியில் இருந்தவரும் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றியவருமான மைக்கேல் வெஸ்ட். வங்காளத்தின் இருமொழிக் கல்வி பற்றி 1926இல் வெளிவந்த அவரது ஆய்வு, 'சரண்டர் வேல்யூ' என்ற கருத்தை முன்வைத்தது. ஆயுள் காப்பீட்டுத் தவணையை இடையில் நிறுத்துபவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையைக் குறிக்கும் இச்சொல்லை அவர் பள்ளிப் படிப்புக்குப் பொருத்தி, பாதியில் நின்றுவிடும் மாணவன் அதுவரை கற்ற ஆங்கிலத்தால் அவனுக்குக் கிடைக்கும் பயன் என்ன என்று கேட்டார். பெரும்பாலான மாணவர்கள் படிப்பை முடிக்காமலே விலகிய நாட்டில் இதைவிட நேர்மையான கேள்வி இருந்திருக்க முடியாது. விரைவில் பயன்தரக்கூடியது வாசிப்புத் திறனே என்று கருதிய வெஸ்ட், அரிய சொற்களை நீக்கி, புதிய சொற்களைச் சீரான இடைவெளியில் புகுத்தி, ஒவ்வொன்றும் மீண்டும் மீண்டும் வரும்படி வாசிப்பு நூல்களை அமைத்தார்.

அடுத்த கட்டம் டொராண்டோவுக்கு உரியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒன்டாரியோ கல்வியியல் கல்லூரியின் கல்வி ஆய்வுத் துறை, 1934இல் வெஸ்டும் பிறரும் எழுதிய 'பேசிக் இங்கிலீஷ்' பற்றிய திறனாய்வை வெளியிட்டது. பேசிக் இங்கிலீஷ் என்பது 850 சொற்களைக் கொண்டே எதையும் சொல்லிவிடலாம் என்று சி. கே. ஆக்டன் வகுத்த திட்டம். சிறு சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தரும் தொடர்கள் ஒவ்வொன்றும் கற்பவருக்குத் தனிச் சுமை என்பது அத்திட்டத்தின் மீது வைக்கப்பட்ட வலுவான மறுப்பு. 'புட்', 'அப்', 'வித்' என்ற மூன்றையும் அறிந்தவர் 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல் என்று ஊகிக்க வழியில்லை.

மறு ஆண்டில் அதே துறை வெஸ்டின் 'விளக்கச் சொற்றொகுதி' பற்றிய ஆய்வை வெளியிட்டது. ஓர் அகராதியின் எல்லா விளக்கங்களையும் எழுதப் போதுமான, முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட சொற்களின் தொகுதியே விளக்கச் சொற்றொகுதி எனப்படுகிறது. அதை அடிப்படையாகக் கொண்டு, சீனாவில் மிஷனரியாக இருந்து ஆங்கிலம் கற்பித்த கனடியர் ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் இணைந்து வெஸ்ட் உருவாக்கிய 'நியூ மெத்தட்' ஆங்கில அகராதி, ஏறத்தாழ 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள் நின்று விளக்கியது. அந்தச் சிறு தொகுதியைக் கற்றவருக்கு, பிறர் உதவியின்றி மொழியின் மேல்தளச் சொற்களை எட்டும் வழி இதனால் திறந்தது. இத்தகைய விளக்கம் சில வேளை சுற்றி வளைத்துப் பேசும், நுண்மையைச் சற்று இழக்கும் என்பது உண்மைதான். ஆயினும் புரியாத துல்லியத்தைவிடப் புரிகின்ற தோராயமே கற்பவருக்கு முதலில் தேவை.

எனினும் விளக்கம் பாதித் துணைதான். 'ரெலக்டன்ட்' என்பதற்கு 'விருப்பமில்லாத' என்று மட்டும் அறிந்தவருக்கு அதை எவ்வாறு தொடர்வது என்று தெரியாது. 'ஷீ வாஸ் ரெலக்டன்ட் டு லீவ்' என்ற வாக்கியமே அதற்குப் பின் 'டு' என்பதும் வினைச்சொல்லும் வரும் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, சொல்லின் வாக்கிய அமைப்பையும் எடுத்துக்காட்டுகளையும் முதன்மைப்படுத்தியது. ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற கற்போர் அகராதி அதன் வழிவந்தது. வெஸ்டின் 1953ஆம் ஆண்டுப் பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியலோ, ஏறத்தாழ 2,000 சொற்களைத் தந்ததோடு, ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்பதையும் குறித்தது. 1978இல் வெளிவந்த லாங்மன் அகராதியும் ஏறத்தாழ 2,000 சொற்களைக் கொண்டே தன் விளக்கங்களை எழுதியது.

இலங்கையில் நிகழ்ந்த 1983 இனக்கலவரத்திற்குப் பின், வெஸ்டின் ஆய்வு வெளியான அதே டொராண்டோவுக்கு ஈழத் தமிழர்கள் பெருமளவில் வந்து சேர்ந்தனர். கனடிய அரசு 1992இல் தொடங்கிய, 'லிங்க்' எனப்படும் இலவச மொழி வகுப்புகளும், 1996இல் வெளிவந்து இன்று 12 படிநிலைகளில் திறனை அளக்கும் கனடிய மொழி அளவுகோலும் புதிதாக வந்தவர்களுக்கான பாதையை வகுத்தன. வேலை கிடைத்ததும் வகுப்பை விட்டு நீங்க வேண்டியிருக்கும் பெற்றோருக்கு, அதுவரை கற்ற சொற்கள் மருத்துவமனையிலும் பணியிடத்திலும் கைகொடுக்குமா என்பது, வெஸ்ட் வங்காளத்தில் எழுப்பிய அதே கேள்வி.

எதிர்த்திசையில், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் அடுத்த தலைமுறைக்கு 1992இல் சென்னையில் வெளியான 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' தமிழ் விளக்கம், ஆங்கிலப் பொருள், எடுத்துக்காட்டு வாக்கியம் மூன்றையும் ஒருசேரத் தந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளும் சேர்ந்ததால், அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த சொற்களுக்கும் அதில் இடம் கிடைத்தது.