தவறுகள் செய்யப்பட்டன... யாரால சாமி?

பள்ளிக்கூடத்துல ஆங்கில இலக்கணம் படிச்ச எல்லாருக்கும் இது ஞாபகம் இருக்கும். 'ராமா கில்ட் ராவணா', ஆக்டிவ் வாய்ஸ். 'ராவணா வாஸ் கில்ட் பை ராமா', பாஸிவ் வாய்ஸ். மாத்தி எழுதினா மார்க். எதுக்கு மாத்தணும்னு வாத்தியார் சொல்லவேயில்லை. அந்த 'பை ராமா'வை மட்டும் வெட்டிவிட்டால் கொன்றவர் ஆளே காணாமல் போய்விடுவார். இந்த சூட்சுமம் எனக்குப் புரிய அமெரிக்க அதிபர்கள் வரவேண்டியிருந்தது.

1876 டிசம்பர். பதவிக்காலம் முழுக்க ஊழல் புகார்களில் அடிபட்ட யுலிசீஸ் கிராண்ட், தன் கடைசி ஆண்டறிக்கையை காங்கிரசுக்கு அனுப்புகிறார். 'தவறுகள் செய்யப்பட்டிருக்கின்றன' என்று பாஸிவில் ஆரம்பித்தாலும், 'நானும் ஒப்புக்கொள்கிறேன்' என்று சேர்த்துக்கொண்டார். (அடுத்த மூச்சிலேயே, உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் பெரும்பாலும் கோளாறு என்று கொஞ்சம் நகர்ந்தும் கொண்டார்!)

அடுத்து 1987. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை நிகராகுவா கான்ட்ராக்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம். ஜனவரி 27 அன்று காங்கிரசில் ரொனால்ட் ரீகன் சொன்னது: கடுமையான தவறுகள் செய்யப்பட்டன. யார் செய்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை. பிப்ரவரி கடைசியில் டவர் கமிஷன் அறிக்கை வந்தது. மார்ச் 4 அன்று தொலைக்காட்சியில் தோன்றி, என் செயல்களுக்கும் என் நிர்வாகத்தின் செயல்களுக்கும் நானே முழுப் பொறுப்பு என்றார். ஜனவரி உரையிலேயே ஈரான் முயற்சிக்கு 'நான் முழுப் பொறுப்பு' என்றிருந்தார், ஆனால் 'தவறுகள்' வாக்கியத்தில் மட்டும் அந்த 'நான்' இல்லை!

அப்போ பாஸிவ் வாய்ஸே கெட்டதா? ஜார்ஜ் ஆர்வெல் 1946ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஆக்டிவ் முடிகிற இடத்தில் பாஸிவ் வேண்டாம் என்று விதியே போட்டார். வேடிக்கை என்னன்னா, அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாஸிவ் உட்கார்ந்திருக்கிறது. தப்பில்லை. '1963ல் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார்' என்று சொல்லும்போது செத்தவர்தான் முக்கியம். அங்கே பாஸிவ்தான் சரி.

ஒளிந்துகொள்ள பாஸிவே தேவையில்லை என்பதுதான் இன்னொரு விஷயம். நம்ம வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்க. 'தட்டு உடைஞ்சு போச்சும்மா' என்பார்கள். செயப்பாட்டுவினை எல்லாம் கிடையாது, ஆனா உடைச்ச கை மட்டும் மறைஞ்சிடும்.

சிரிக்கிற யோக்கியதை எனக்கும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு முக்கியமான ஃபைலை நான் அழித்துவிட்டு, 'ஃபைல் தவறுதலாக அழிக்கப்பட்டுவிட்டது' என்று ஆங்கிலத்தில் அழகாக மெயில் அனுப்பினேன். அதில் ஒரு எழுத்துகூட பொய் இல்லை. ஆனால் பக்கத்து சீட்டுப் பையன்தான் திட்டு வாங்கினான். 'நான்தான்' என்று நான் வாய் திறக்க மூன்று நாள் ஆனது. 

அதனால மக்களே, ஆங்கிலத்தில் எழுதும்போது ஆக்டிவா பாஸிவா என்று குழம்பினால், இலக்கணப் புத்தகத்தை அப்புறம் புரட்டுங்க. முதல்ல, இந்த வாக்கியத்துல யாரை ஒளிச்சு வைக்கிறேன்னு உங்களையே கேட்டுக்குங்க. பெரும்பாலும் அது நாமாத்தான் இருக்கும்.