டிவி கேம் பெட்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்: தமிழ் மட்டும் ஏன் வரல?

இன்னைக்கு எபிசோடு டிவி கேம் பத்தி. ஆனா செஞ்சியில உட்கார்ந்துகிட்டு கோட்டையை விட்டுட்டு எதையும் பேச முடியாது, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை செஞ்சியைப் பிடித்தது. கோட்டைக்கு 'பாத்ஷாபாத்' என்று பெயர் வந்தது. 1677இல் சிவாஜி. 1698இல் முகலாயர்கள், அவங்க வச்ச பேரு 'நுஸ்ரத்கட்'. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி எல்லாம் அதே பாறைதான். மேல உட்கார்ந்த நிர்வாகம்தான் ஒவ்வொரு தடவையும் வேற. கம்ப்யூட்டர் பாஷையில சொன்னா, ஹார்டுவேர் ஒண்ணு, அது மேல ஓடின சிஸ்டம் சாஃப்ட்வேர் பல.

நம்ம வீட்டு டிவி கேம் பெட்டிக்கும் இதே மாதிரி ஒரு வரலாறு இருக்கு.

விளையாட்டுப் பெட்டி கம்ப்யூட்டர் ஆன கதை

1983 ஜூலையில் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்ற கன்சோலை வெளியிட்டது. உள்ளே இருந்தது 6502 என்ற பழைய சிப்பின் ஒரு வகை. 1975இல் 25 டாலருக்கு விற்ற சிப் அது. ஆப்பிள் 2 கம்ப்யூட்டரிலும் அதுதான் மூளை. அப்படின்னா ஒரு கேள்வி வருதில்லையா? கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சிப்பேதான் இதுக்குள்ளயும் இருக்குன்னா, இதையும் ஏன் கம்ப்யூட்டர் ஆக்கக் கூடாது?

அடுத்த வருஷமே, 1984 ஜூனில், 'ஃபேமிலி பேசிக்' வந்தது. ஒரு கீபோர்டு, ஒரு கேசட், அவ்வளவுதான். (டேப் கேசட் இல்லைங்க, நம்ம ஊர்ல கார்ட்ரிட்ஜைக் கேசட்டுன்னுதானே சொல்வோம், அது.) சொருகினா, மரியோ ஓடுற பெட்டியில நீங்களே புரோகிராம் எழுதலாம். பயனருக்குக் கிடைத்த நினைவகம் ஏறக்குறைய 2 கிலோபைட்தான். இன்னொரு குறையும் இருந்தது. ஆங்கில எழுத்தும் ஜப்பானிய கதகானா எழுத்தும் வந்தன, கஞ்சி எழுத்து வரவில்லை. சொந்த நாட்டிலேயே அந்தப் பெட்டிக்கு முழு ஜப்பானிய மொழி எழுதத் தெரியாது.

சீனாக்காரர்கள் செய்தது

1990களில் சீனாவின் ஜோங்ஷான் நகரத்தில் 'சுபோர்' என்ற நிறுவனம் ஃபேமிகாமை நகலெடுத்து, கீபோர்டோடு சேர்த்து 'படிப்பு மெஷின்' என்று விற்றது. ஜாக்கி சான் விளம்பரத்தில் நடித்தார். பெற்றோருக்கு அது படிப்பு, பிள்ளைகளுக்கு அது கேம். ரெண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஆனா இதுல முக்கியமான விஷயம் வேற. அந்தக் கேசட்டுக்குள்ள சீன எழுத்தை டைப் பண்ணப் பழகும் மென்பொருளும் இருந்தது. ஆயிரக்கணக்கான எழுத்து உள்ள ஒரு மொழியை 8-பிட் விளையாட்டுப் பெட்டிக்குள் கொண்டு வந்துட்டாங்க. அந்த நிறுவனத்தை நடத்திய துவான் யோங்பிங் 1995இல் வெளியேறி 'பிபிகே'யைத் தொடங்கினார். நம்ம கடைவீதியில ஓப்போ, விவோ போர்டு பார்க்கிறீங்களே, அதோட வேர் அங்கதான் இருக்கு.

நம்ம ஊருக்கு வந்தது

இந்தியாவில் ஃபேமிகாம் வகைப் பெட்டிகள் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் விற்றன. பின்னாலேயே கீபோர்டு வச்ச மாடலும் வந்தது. அதோட கேசட்டில் டைப்பிங் பயிற்சி, கணக்கு, கூடவே 'ஜி-பேசிக்' என்று ஒன்று. அது வேற எதுவும் இல்ல, நிண்டெண்டோவின் ஃபேமிலி பேசிக்கைத்தான் பேரை மாத்தி, லேசாகத் திருத்தி வைத்திருந்தார்கள். ஜப்பானில் எழுதி, சீனாவில் திருத்தி, இந்திய வீட்டு டிவியில ஓடின சாஃப்ட்வேர்.

இந்தப் பெட்டியை வெளியுலகம் கவனித்தது 2008இல். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடந்த ஒரு வடிவமைப்பு மாநாட்டில் டெரெக் லோமாஸ் என்பவர், இந்தியாவில் தான் பார்த்த சுமார் 12 டாலர் 'டிவி கம்ப்யூட்டரை' முன்வைத்தார். அதிலிருந்து 'பிளேபவர்' திட்டம் பிறந்தது. புதுசா மலிவுக் கம்ப்யூட்டர் செய்யவே வேண்டாம், ஏற்கெனவே விற்கிற பெட்டிக்கு நல்ல கல்வி மென்பொருள் எழுதுவோம் என்பது அவர்கள் யோசனை. ஆனா காலம் கடந்துபோச்சு. அதுக்குள்ள செல்போன் எல்லார் கைக்கும் வந்துருச்சு.

தமிழ் நுழைந்திருக்குமா?

நுழைந்திருக்கும். கணக்குப் போட்டுக் காட்டுறேன்.

தமிழுக்கு 247 எழுத்து. ஆனா திரையில வரைய 247 வடிவம் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, மெய் 18. இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நாலும் சேர்ந்து 72. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு 4. ஆக மொத்தம் 125 வடிவம்.

ஃபேமிகாம் திரை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களால் ஆனது. 'ணூ'வை அந்த ஒரு கட்டத்துக்குள் அடைக்க முடியாது. நாலு கட்டம் வேணும். 125 பெருக்கல் 4, 500 கட்டம். அந்தப் படச் சிப் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய மொத்தக் கட்டம் எவ்வளவு தெரியுமா? 512! பின்னணிக்கு ஒரு சமயத்தில் அதில் பாதி, 256தான் கிடைக்கும். அதுக்கும் வழி இருக்கு. திரையில் அப்போது தேவைப்படும் எழுத்தை மட்டும் கேசட்டில் உள்ள ராமில் ஏற்றிக்கொள்ளலாம். பல கேம்கள் படங்களுக்குச் செய்த வேலைதான் இது. வரிக்கு 16 கட்டெழுத்து, 15 வரி. ஆத்திசூடி படிக்கத் தாராளமாப் போதும்.

அறிவும் நம்மகிட்ட இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாடு, தமிழை 8-பிட் எழுத்துருவுக்குள் அடக்கும் வேலையைத்தான் பேசியது. டேம், டேப் குறியீடுகள் அங்கே தரப்படுத்தப்பட்டன. அந்த அறிவு ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போனது. பிள்ளைகள் கையில் இருந்த பெட்டி யார் கண்ணுக்கும் படல. 'அது விளையாட்டுச் சாமான்'னு ஒதுக்கிட்டோம். அங்க தடையா நின்னது தொழில்நுட்பம் இல்ல, நம்ம பார்வைதான்.

இப்ப என்ன செய்யலாம்?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கல்லைக் காப்பாத்த சட்டம் இருக்கு, காவலர் இருக்காங்க. கேசட்டுக்கு யாரும் இல்ல. கீபோர்டு வச்ச டிவி கேம் எல்லாம் காயலான் கடைக்குப் போய்க்கிட்டு இருக்கு. இந்தியச் சந்தைக்கென்று வந்த கேசட்டில் என்னென்ன இருந்தது என்பது, ஒவ்வொன்றையும் படித்துப் பதிவு செய்தால்தான் தெரியும்.

அதனால ஒரு வேண்டுகோள். பரணில் அப்படி ஒரு பெட்டி இருந்தா தூக்கிப் போடாதீங்க. கேசட்டின் லேபிளையும், உள்ளே உள்ள போர்டின் இரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்க. உள்ளிருக்கும் தரவைக் கம்ப்யூட்டருக்கு நகலெடுக்கும் கருவி இப்போ கிடைக்குது. எஃப்சிஇயுஎக்ஸ் போன்ற எமுலேட்டரில் சுபோர் கீபோர்டே வேலை செய்யும். புரோகிராமிங் தெரிந்த பிள்ளைகளுக்கு இன்னொரு வேலை: அந்த 125 வடிவத்தை 16-க்கு 16 கட்டத்தில் வரைந்து பாருங்க. 30 வருஷம் லேட்டானாலும், அந்தப் பெட்டி ஒரு தடவையாவது 'அ' எழுதட்டுமே.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.