மாடுகள் சேர்த்த ஊர்

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்கள் தேக்கா வட்டாரத்தைப் பார்த்ததும், "அட, நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்பார்கள். மல்லிகைச் சரமும் தோசைக்கல் வாசமும் அப்படிச் சொல்ல வைக்கும். நான் அவர்களை பெலிலியோஸ் ரோட்டுக்குக் கூட்டிப்போவேன். அந்தப் பெயருக்குரியவர் கல்கத்தாவிலிருந்து வந்த யூதர், மாட்டு வியாபாரி. பக்கத்து டெஸ்கர் ரோட்டின் பெயருக்குரியவர் யூரேசியர், இறைச்சி வியாபாரி. போதாததற்கு பஃபலோ ரோடு, லெம்பு ரோடு என்று எருமைக்கும் பசுவுக்கும்கூடத் தெருக்கள் உண்டு.

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்வான நிலம் இது. தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லாததால் 19ஆம் நூற்றாண்டில் மாட்டுக் கொட்டில்கள் பெருகின. வண்டிக்கு மாடு, வீட்டுக்குப் பால், சந்தைக்கு இறைச்சி என்று வளரும் நகரத்துக்கு எல்லாமே தேவைப்பட்டன. மாடு மேய்க்கவும் பால் கறக்கவும் தமிழரும் வட இந்தியரும் வந்தார்கள். செங்கல் சூளையும் சுண்ணாம்புச் சூளையும் வேறு ஆள் கேட்டன. வீரமாகாளியம்மன் கோயிலை என் பாட்டி கடைசிவரை சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றுதான் சொன்னார். சீனர்களும் தொழில் தொடங்கினார்கள். கெர்பாவ் ரோட்டில் வண்ணவண்ணமாக நிற்கும் டான் டெங் நியா வீடு, 1900இல் ஒரு சீன மிட்டாய் முதலாளி கட்டியது.

சதுப்பைத் தூர்த்துச் சாலையும் வீடும் பெருகப் பெருக மாடுகளுக்கு இடமில்லாமல் போனது. 1930களோடு அந்தத் தொழில் ஓய்ந்தது. வந்தவர்கள் மட்டும் நகரவில்லை. 1915இல் கட்டிய சந்தையில் என் அப்பா தேங்காய் துருவி விற்றார். பக்கத்துக் கடை சீனப் பெரியவர் முருங்கைக்காயைத் தட்டிப் பார்த்து, "முத்தல் வேணாம்மா, இது எடு" என்று தமிழில் சொல்வார். கறிவேப்பிலை கொசுறு. அப்பாவும் அவரிடம் ஹொக்கியனில்தான் கணக்குப் பேசுவார். அந்தச் சந்தையை 1982இல் இடித்து, எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள்.

அருகிலிருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. அதில் நானும் ஒருத்தி. மாட்டுக் கொட்டிலின் பெயர் கொண்ட அந்த மருத்துவமனையில்தான் எங்கள் தலைமுறையின் மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் பலர் பிறந்தோம்.

தேக்காவுக்கு லிட்டில் இந்தியா என்ற பெயர் பின்னால் வந்தது; 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமானது. இன்று ஞாயிற்றுக்கிழமை லெம்பு ரோட்டுத் திடலில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் கூடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் சிராங்கூன் ரோட்டில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறார்கள். "ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கமே போக முடியல, ஒரே கூட்டம்" என்று இங்கேயே பிறந்தவர்கள் சலித்துக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வரும். பிழைக்க வந்தவர்களின் கூட்டம் இல்லாத காலம் என்று தேக்காவுக்கு ஒன்று இருந்ததே இல்லை. நம் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்தான்.